இறுக்கமாகத் தைத்த எலாஸ்டிக்

ஷட்டில் ஆடுகிறவர்கள், ஆடாமலேயே முழங்கை வலிக்கிறவர்கள் என்று அடிக்கடி யாராவது வந்து என்னிடம் கையை நீட்டுகிறார்கள். "மாஸ்டர், இந்த இடந்தானுங்க வலிக்குது. உங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதுங்களா?" என்று கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. நிட்டிங் மிஷின் ஃபிட்டர். ஆனாலும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் ஒவ்வொருவருக்கும் ஆதியிலிருந்து சொல்லி வருகிறேன். கையோடு வாயும் கெட வேண்டாம் என்றுதான் இப்போது எழுதி வைக்கிறேன். இடது கைக் கட்டைவிரலால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதால் மெதுவாகத்தான் போகும். அவசரக்காரர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முழங்கை வலி குணமாகிவிட்டது. கெட்டுப்போனது விரல்கள்.

என் பெயர் வேலுச்சாமி. திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் மிஷின் வட்டமாக இருக்கும். அதன் உருளையைச் சுற்றிலும் ஊசிகள் நெருக்கி நிற்கும். ஓர் ஊசியின் கொக்கி ஒடிந்தால் துணியில் நெடுகக் கோடு விழுந்துவிடும். அந்த ஊசியைக் கண்டுபிடித்து, விரலை உள்ளே விட்டு உருவி, புது ஊசியை இறக்குவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதற்கு விரலை மடக்கவும் வேண்டும், நிமிர்த்தவும் வேண்டும். மடக்குவதற்கு ஒரு நரம்பு, நிமிர்த்துவதற்கு வேறு நரம்பு என்பது எனக்கு அப்போது தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எதையாவது ஆடுங்கள் என்று ரத்தம் சோதித்த இடத்தில் சொன்னதால் ஷட்டிலுக்குப் போனேன். பழைய நூல் குடோன் ஒன்றைக் கோர்ட்டாக மாற்றியிருந்தார்கள். காலை ஷிப்டுக்கு முன்னால் ஆடிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடலாம். ஆரம்பத்தில் உடம்புக்காகப் போனேன். பிறகு உடம்பு எக்கேடு கெட்டாலும் போகிறவன் ஆனேன். பகல் முழுக்க இரைச்சலில் குனிந்து நிற்கிறவனுக்கு, அண்ணாந்து பார்த்து ஒன்றை ஓங்கி அடிக்கிற சுகம் வேறு எதிலும் கிடைப்பதில்லை.

என் ஜோடி ஜெபராஜ். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். சின்ன வயதிலேயே பிழைப்புத் தேடி இங்கே வந்து, ஜட்டி கம்பெனி ஒன்றில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கும் மிஷினில் உட்கார்ந்தவர். வேறு எந்த மிஷினுக்கும் மாறவே இல்லை. அவர் முன்னால் நின்று வலையோரத்தில் தட்டுவார், நான் பின்னால் நின்று அடிப்பேன். எனக்கு நெற்றி நிறையத் திருநீறு, அவர் கழுத்தில் சிலுவை. எதிராளிகள் எங்கள் ஜோடியை 'கோயிலும் சர்ச்சும்' என்பார்கள். கோயிலுக்கு இடது பக்கம் பந்து வந்தால் பேக்ஹேண்டில் பின்னிவிடும் என்று பயப்படவும் செய்வார்கள். அந்த பேக்ஹேண்ட்தான் வினையானது.

வலி ஒரே நாளில் வரவில்லை. ஈரத் துண்டைப் பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முண்டில் சுருக்கென்றது. அப்புறம் வண்டியின் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வலித்தது. கடைசியில் டீ கிளாஸைத் தூக்கினாலே வலித்தது. தைலம் தேய்த்தேன், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன், வலியோடேயே ஆடினேன். மாதக்கணக்கில் இப்படி ஓட்டியபின், என் மனைவி சாந்தாமணி பிடித்துத் தள்ளாத குறையாக எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், மதுரைப் பக்கம். பொறுமையாகச் சொன்னார். மணிக்கட்டைத் தூக்குகிற தசைகளெல்லாம் மேலே போய் முழங்கையின் வெளி எலும்பில் ஒரே இடத்தில் கூடி ஒட்டியிருக்கின்றன. ஒட்டுகிற இடம் கயிறு மாதிரி இருக்கும், அதற்குத் தசைநார் என்று பெயர். மட்டையைத் திருப்பி அடிக்கும்போதும் ஸ்பேனரை முறுக்கும்போதும் அந்தக் கயிற்றில்தான் இழுவை விழுகிறது. திரும்பத் திரும்ப இழுத்தால் இழை இழையாகப் பிரிகிறது. ஆற விடாமல் மறுபடி இழுத்தால் ஆறவே ஆறாது. இதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சில வாரம் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். சின்ன எடையைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்குகிற பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே போடுகிற பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மருந்துக் கடையில் அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் எலாஸ்டிக், ஒட்டுகிற நாடா, உள்ளே சின்னத் திண்டு. உலகத்தின் இடுப்புக்கெல்லாம் எலாஸ்டிக் வைத்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, மருந்துக் கடையில் போய் எலாஸ்டிக் வாங்குவதா? காசுக்காக இல்லை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக ஜெபராஜிடம் போனேன்.

சாப்பாட்டு நேரத்தில் தன் மிஷினிலேயே உட்கார்ந்து எனக்காகத் தைத்தார். நல்ல அகல எலாஸ்டிக்காகத் தேடி எடுத்து இரண்டாக மடித்தார். என் கையைச் சுற்றிப் பிடித்து அளவு பார்த்தார்.

"கொஞ்சம் லூசா வைக்கட்டா அண்ணாச்சி? கை தடிச்ச கை, இறுக்கும்லா."

"வேண்டாங்க தம்பி. நல்லா இறுக்கமாவே இருக்கட்டும். லூசா இருந்தா அப்புறம் எதுக்குப் போடறது?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லி இரண்டு முனையையும் சேர்த்து அடித்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததெல்லாம் அதுதான். இடுப்போ, கையோ, எலாஸ்டிக் என்றால் அதை வளையமாக மூட்ட வேண்டும். கடையில் விற்பது அப்படி இல்லை. அது திறந்து மூடுகிற பட்டை. ஆடும்போது கட்டி, ஆடி முடித்ததும் கழற்றவும் தளர்த்தவும் அதில் வழி உண்டு. எங்களுடையதில் வழியே இல்லை. தையல் மட்டும் அத்தனை அழகு. என் கையில் பார்த்துவிட்டுக் கோர்ட்டில் இருந்தவர்களெல்லாம் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். நல்லவேளையாக ஜெபராஜுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வலி உண்மையாகவே குறைந்தது. அதுதான் கெடுத்தது. வளையத்தைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடாக இருந்ததால் அது கையிலேயே கிடந்தது. ஆடும்போதும், வேலையிலும், பல நாள் தூக்கத்திலும்கூட.

டாக்டரிடம் மறுபடி போனபோது வாசலிலேயே அதை இழுத்துக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது ஒன்று, நாம் போட்டிருப்பது ஒன்று என்று அவர் முகத்துக்கு எதிரே காட்டுவது மரியாதையாகப் படவில்லை.

"பெல்ட் போடுறீங்களா சார்?"

"போடறனுங்க."

"வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லீங்க."

இந்தச் சொல்லை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'பரவாயில்லீங்க' என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இருக்கிறது இருக்கட்டும், நீங்கள் எனக்காக மெனக்கெட வேண்டாம் என்று அர்த்தம். அந்த நாட்களிலேயே முழங்கைக்குக் கீழே ஆழத்தில் ஒரு மந்தமான குடைச்சலும், ஸ்பேனரைப் பிடித்துவிட்டு விடும்போது விரல் திறக்கத் தாமதமாவதும் ஆரம்பித்திருந்தன. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 'பரவாயில்லை' என்ற பிறகு அவர் எதற்குக் கேட்கப்போகிறார்? சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, அதையே தொடரச் சொன்னார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் மிஷின் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே இரைச்சலில் பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். எதிர் வரிசையில் பிகாஷ் என்ற ஒடிசாக்காரர் எத்தனை ரோல் என்று ஜாடையில் கேட்டார். ஐந்து என்று காட்டக் கையை உயர்த்தினேன். அவர் புரியாமல் பார்த்தார். மறுபடி காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு தன் முஷ்டியை உயர்த்தி எனக்குத் திருப்பிக் காட்டினார். அப்போதுதான் என் கையைத் திரும்பிப் பார்த்தேன். மணிக்கட்டு நிமிர்ந்திருந்தது. விரல்கள் ஐந்தும் மடங்கித் தொங்கின. நான் நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன், அவை நிமிரவில்லை.

வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. தொட்டால் தெரிகிறது, கிள்ளினால் உறைக்கிறது. தூக்க மட்டும் முடியவில்லை. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வலியிருந்தால் திட்டவாவது ஏதோ ஒன்று இருக்கும்.

பக்கவாதம் என்றுதான் நினைத்தோம். வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"ஏனுங்க, எங்க சிரிங்க பாக்கலாம். வாய் கோணுதான்னு பாக்கறேன்."

"சிரிக்கற மாதிரி எதாச்சும் நடந்தாத்தான?"

"வாயெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பேச்சும் குறையல" என்று சொன்னாள். ஆனால் தாடையை விடாமல் மறுபடி மறுபடி விளக்குப் பக்கம் திருப்பினாள்.

மறுநாள் என்னால் வண்டி ஓட்ட முடியாததால் ஜெபராஜ்தான் பின்னால் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். விரலைத் தூக்கச் சொன்னார், தூக்கவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே சதை ஒரு பட்டை அளவுக்குப் பள்ளம் விழுந்து, விளிம்பில் தையல் கோடு அப்படியே பதிந்திருந்தது.

"இது என்ன தழும்பு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். லேசில் இழுபடவில்லை.

"யார் தைச்சது?"

"நாந்தான் சார்" என்றார் ஜெபராஜ், பின்னால் நின்றபடியே.

"தையல் ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டர். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர், மனதில் பட்டதைச் சொன்னார். பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்தே விளக்கினார். கையின் பின்பக்கமாக இறங்கி வருகிற நரம்புக்கு ரேடியல் நரம்பு என்று பெயர். முழங்கையைத் தாண்டியதும் அதன் ஒரு கிளை, தசைக்குள்ளே இருக்கிற குறுகலான சந்து வழியாக நுழைந்து போகிறது. விரல்களையும் கட்டைவிரலையும் நிமிர்த்துவது அந்தக் கிளைதான். அந்தச் சந்துக்கு நேர் மேலேதான் எங்கள் வளையம் இருந்திருக்கிறது. ஏற்கெனவே நெருக்கடியான இடம், மேலிருந்து இரவும் பகலும் அழுத்தினால் நரம்பு நசுங்கும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, எனக்கு ஆகிவிட்டது.

 திரும்பி வரும்போது ஜெபராஜ் வண்டியை மங்கலம் ரோட்டில் ஓரம்கட்டி நிறுத்தினார். இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. "லூசா வைக்கட்டான்னு கேட்டேம்லா அண்ணாச்சி" என்றார். பிறகு, "கேட்டதோட விட்டுட்டனே" என்றார். இறுக்கச் சொன்னது நான்தான் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் தலை நிமிரவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே காத்திருப்புக் கூடத்தில் இருந்த நேரம்தான் அதிகம், டாக்டரைப் பார்த்த நேரம் குறைவு. இரும்பு நாற்காலி வரிசை, யாரும் பார்க்காத டிவி, டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற பெண்ணின் சலிப்பான குரல். என் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறொருவர் கையை என்னிடம் பிடித்திருக்கக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

நரம்புப் பரிசோதனை என்றால் பலர் பயப்படுகிறார்கள். அதனால் சொல்கிறேன். முதலில் தோலின்மேல் வைத்து மின்சாரத்தைச் சொடுக்கிப் பார்க்கிறார்கள். நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது, எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று அதில் தெரியும். கை தானாகத் துள்ளும், தாங்கிக்கொள்ளலாம். அடுத்தது மெல்லிய ஊசியைத் தசைக்குள் இறக்கிவிட்டு, "இப்போ விரலைத் தூக்குங்க" என்பார்கள். நரம்பு வேலை செய்தால் கருவியில் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். பக்கத்து அறையில் யாருக்கோ சோவென்று பெய்தது. எனக்குத் தூறல்கூட இல்லை. எங்கோ ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு. ஊசி வலியைவிட அந்த அமைதிதான் என்னை அழவைத்தது. பரிசோதனை செய்த பெண், வலிக்கிறது என்று நினைத்து ஊசியை மெதுவாக உருவினாள்.

ஸ்கேனும் எடுத்தார்கள். பட்டையைக் கழற்றியபின் சில வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். அசைவு வரவில்லை. தசைக்குள் இருக்கிற அந்தக் குறுகலைத் திறந்து நரம்பை விடுவிப்பது என்று முடிவானது.

அந்த நாட்களில் சாந்தாமணியின் கோபம் முழுக்க ஜெபராஜ் மேல் திரும்பிவிட்டது. இறுக்கச் சொன்னது யார் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் மேல் கோபப்பட்டால் எனக்குச் சோறு ஊட்ட முடியாதே. "அந்த ஆளை இந்த ஊட்டுப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லுங்க. வந்தா நான் எதாச்சும் சொல்லீருவேன்" என்றாள். அப்படியும் அவர் வந்தார். வந்தால் இவள் காபி வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவாள். எங்கள் பக்கத்தில் கோபத்திலும் காபி தவறாது.

ஆபரேஷனுக்குக் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். காறை எலும்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டதும் தோளுக்குக் கீழே எனக்குக் கையே இல்லாமல் போனது. நடுவே துணி கட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது. "இங்க பாரு, நரம்பு நல்லா தட்டையாயிருக்கு" என்று பெரிய டாக்டர் கூட இருந்தவரிடம் சொன்னார். பழனி மலையை மனதில் படி படியாக ஏறிக்கொண்டிருந்த நான் அத்தோடு பாதியில் நின்றுவிட்டேன்.

வார்டில் சாந்தாமணி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டாள். எனக்குச் சட்டைப் பித்தான் போட முடியாது, பல் பொடியைக் கொட்ட முடியாது, கால் கழுவவும் சிரமம். இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்குத் தலை வாரி விட்டவள் இல்லை. அங்கே தினமும் வாரிவிட்டாள், அதுவும் தப்பான பக்கம் வகிடெடுத்து. நான் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கில் வைத்திருந்த ரசத்தை ஊதி ஊதி ஸ்பூனில் கொடுத்தாள். அடுத்த கட்டிலில் இருந்தவர் பார்க்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "பாத்தாப் பாக்கட்டும், அவருக்கு ரசம் இல்லாத பொறாமைங்க" என்றாள். பில் வந்தபோது மட்டும் அதை எனக்குக் காட்டாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே போய் அண்ணனுக்கு போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ் சர்ச்சிலிருந்து நேரே பஸ் ஏறி வந்தார். சாந்தாமணி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"ஒரு ஜெபம் பண்ணட்டா அண்ணாச்சி?"

"பண்ணுங்க தம்பி."

கட்டுப் போட்ட கையின்மேல் தன் கையை வைத்தார். தொட்டும் தொடாமலும் வைத்தார். சத்தம் வராமல் உதடு மட்டும் வெகுநேரம் அசைந்தது. அவர் போனதும் சாந்தாமணி உள்ளே வந்து, அதே இடத்தில் திருநீற்றைப் பூசினாள். "ரெண்டு பேருமாச் சேர்ந்து எதாச்சும் பண்ணட்டும்" என்றாள். எந்த இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை.

நரம்பு ஆறுவது மற்ற காயம் ஆறுவது போல இல்லை. நசுங்கிய இடத்திலிருந்து மயிரிழை மயிரிழையாக அது மறுபடி வளர்ந்து தசையைப் போய்ச் சேர வேண்டும். அதுவரை விரல்கள் மடங்கியே இறுகிவிடாமல் இருக்க, புறங்கைக்கு மேலே கம்பி வைத்து, ஒவ்வொரு விரலையும் ரப்பர் வளையத்தால் தூக்கிப் பிடிக்கிற ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். முதல் முறை மாட்டியபோது உடம்பெல்லாம் கூசியது. மறுபடியும் எலாஸ்டிக். பிசியோதெரபி செய்த பெண் தினமும் மின்சாரத்தால் விரலைத் தூக்கவைப்பாள். "இப்ப நீங்களே தூக்குங்க அங்கிள், மனசாலயாவது தூக்குங்க" என்பாள். நான் மனசால் தூக்கினேன். இரண்டு தைப்பூசம் அப்படித் தூக்கியே போனது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் வந்தன. ஒரு காலையில் சுண்டுவிரல் தானாக எழுந்ததைப் பார்த்து நானும் சாந்தாமணியும் அழுதோம். கட்டைவிரல் அரைகுறையாக வந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வரவேயில்லை. ஊசியைப் பிடித்து உருவ வேண்டிய விரல்கள் அவைதான். கம்பெனியில் என்னை நூல் ஸ்டோருக்கு மாற்றினார்கள், நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஹாலில் இப்போது வேறு ஃபிட்டர். ஏதாவது மிஷினில் சத்தம் மாறினால் ஸ்டோரிலிருந்தே எனக்குத் தெரிகிறது. எழுந்திருப்பதில்லை.

ஜெபராஜ் ஷட்டிலை நிறுத்திவிட்டார். அது போகட்டும். எலாஸ்டிக் மிஷினில் உட்கார்ந்தால் அவருக்குக் கை ஓடாமல் போனது. அளவு எடுத்து முனையைச் சேர்க்கிற இடத்தில் நின்றுவிடுவாராம், சூப்பர்வைசர் வந்து தட்டுகிறவரை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கே ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கினார். அரைகுறை வருமானம். வாரம் தவறாமல் போன் செய்து, "விரல் தூக்குதா?" என்று கேட்பார். "வந்துட்டு இருக்குதுங்க தம்பி" என்பேன்.

கடைசியாகப் பார்த்தபோது கோயம்புத்தூர் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இனி வருவது கடினம். வேண்டுமானால் வேறு வேலை செய்கிற தசைநார் ஒன்றை எடுத்து இந்த விரல்களுக்குத் திருப்பி வைக்கிற ஆபரேஷன் உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்கிறோம். யோசிப்பதற்குக்கூட இப்போது பயமாக இருக்கிறது.

போன வாரம் ஜெபராஜ் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இங்க ஒரு தையல் கடையில கூப்பிடுதாவ. நல்ல சம்பளம். மிஷின்ல போய் உக்காந்தேன், கை ஓடல."

"உக்காருங்க தம்பி, ஓடும்."

"உங்க விரல் தூக்குதுன்னு நீங்க சொல்லுதீய. நான் பொய்யின்னு சொல்லல. ஆனா ஒரு தரம் கண்ணால பாக்கணும் அண்ணாச்சி. பாத்துட்டன்னா நாளைக்கே போய் உக்காந்துருவேன். வீடியோவுல வாங்க."

 சிக்னல் இல்லை என்று சொல்லலாமா, சார்ஜ் இல்லை என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் போன் வீடியோவுக்கு அடித்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சாந்தாமணிக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அந்த மனிதர் பெயரை அவள் சொல்லி வருடம் ஆகியிருந்தது. என் பக்கத்தில், போன் கண்ணுக்குப் படாதபடி தரையில் குனிந்து உட்கார்ந்தாள். என் வலது கையை எடுத்து, புறங்கை போனைப் பார்க்கிற மாதிரி திருப்பினாள். தன் கையை என் உள்ளங்கைப் பக்கமாகக் கொடுத்து, தொங்கிய விரல்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து நிமிர்த்திப் பிடித்தாள்.

"இப்பக் காட்டுங்க" என்றாள் காதருகே.

பச்சையை அழுத்தினேன். ஜெபராஜ் முகம் வந்தது. இளைத்திருந்தார், தாடி நரைத்திருந்தது. என் கையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. விரல்கள் ஐந்தும் நேராக நின்றன.

"கர்த்தரே" என்றார். பிறகு போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தார். "மயினிகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. அவிய என்னய மன்னிக்கணும்னு தினமும் முழங்கால்ல நிக்கேன். நான் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்றனுங்க தம்பி."

மறைவில் குனிந்திருந்த அவருடைய மயினி சாந்தாமணி வாயைத் தோளில் புதைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. அழுகையை அடக்க அடக்க அவள் கை அதிர்ந்து, அந்த அதிர்வில் என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்ல மேலும் கீழும் ஆடின.

"அசையுது அண்ணாச்சி!" என்று ஜெபராஜ் கத்தினார். "நல்லா அசையுது!"